ஐயுறும் சூழலியலாளர்: ஒரு நூலும் அதன் மீதான விசாரணையும்

'தி ஸ்கெப்டிகல் என்விரான்மென்டலிஸ்ட்' டென்மார்க்கைச் சேர்ந்த பியோர்ன் லொம்போர்க் எழுதிய நூல். இதன் ஆங்கிலப் பதிப்பைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2001-ல் வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் 'ஐயுறும் சூழலியலாளர்' எனலாம். உலகின் சுற்றுச்சூழல் நாளுக்கு நாள் சீரழிகிறது என்ற பரவலான எண்ணம் புள்ளிவிவரங்களுக்குப் பொருந்தவில்லை என்பதும், புவி வெப்பமாதலைத் தடுக்க அன்று முன்வைக்கப்பட்ட கியோட்டோ நெறிமுறை செலவுக்கேற்ற பயன் தராது என்பதும் இந்நூலின் இரு முக்கிய வாதங்கள்.

காலநிலை மாற்றம் குறித்த எதிர்க்கருத்து நூல்களில் இதைப் போல வாசிக்கப்பட்டதும், திட்டப்பட்டதும், அரசு அமைத்த குழு ஒன்றின் முன் விசாரிக்கப்பட்டதும் வேறில்லை. புவி வெப்பமாதல் என்பதே பொய் என்று சொல்லும் நூல்களின் வரிசையில் இதையும் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. பூமி சூடாகிறது, அதற்கு மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயு ஒரு காரணம் என்பதை நூல் தெளிவாகவே ஏற்கிறது. 'அதனால் என்ன செய்ய வேண்டும்' என்ற கேள்வியில்தான் அது முரண்படுகிறது. நூலின் பலமும் பலவீனமும் அந்த இடத்திலேயே இருக்கின்றன.

முன்கதை: ஒரு பந்தயம்

லொம்போர்க்கைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் உயிரியலாளர் பால் எர்லிக். இவர் 1968-ல் எழுதிய 'மக்கள்தொகை வெடிகுண்டு' என்ற நூல் டெல்லியில் ஒரு இரவு டாக்ஸியில் சென்றபோது கண்ட கூட்டத்தை வருணித்தே தொடங்குகிறது. 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர், இந்தியா தன் மக்களுக்குச் சோறு போட முடியாது என்ற அவநம்பிக்கை அந்நூல் முழுவதும் உண்டு. ஆனால் 1965-ல் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் கோதுமை விளைச்சல் 1970-ல் 2 கோடி டன்னைத் தொட்டது. நூல் அச்சாகும்போதே பசுமைப் புரட்சி வயலுக்கு வந்துவிட்டிருந்தது.

மற்றவர் பொருளியலாளர் ஜூலியன் சைமன். வளங்கள் தீர்ந்துபோகா, தட்டுப்பாடு வந்தால் மனிதர் மாற்று கண்டுபிடிப்பர் என்பது இவர் கட்சி. 1980-ல் இருவரும் பந்தயம் கட்டினர். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களை ஒவ்வொன்றிலும் 200 டாலர் மதிப்புக்கு எடுத்துக்கொண்டு, பத்தாண்டு கழித்துப் பணவீக்கம் நீக்கிய விலை ஏறியிருந்தால் சைமன் பணம் தர வேண்டும், இறங்கியிருந்தால் எர்லிக் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1990-ல் எர்லிக் 576 டாலர் 7 சென்டுக்குக் காசோலை அனுப்பினார். வேறு பத்தாண்டுகளை எடுத்திருந்தால் பெரும்பாலும் எர்லிக்கே வென்றிருப்பார் என்று பின்னாளில் சிலர் கணக்கிட்டுக் காட்டினர். ஆனால் பந்தயத்தில் வென்றவர் பெயர்தான் நிற்கும். உலோகங்களைத் தேர்ந்தெடுக்க எர்லிக்குக்கு உதவியவர்களில் ஜான் ஹோல்ட்ரன் என்ற இயற்பியலாளரும் ஒருவர். அவர் பெயர் மீண்டும் வரும்.

நூல் உருவானது

லொம்போர்க் 1965-ல் பிறந்தவர், அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் புள்ளியியல் கற்பித்து வந்தார். 1997 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் புத்தகக் கடை ஒன்றில் 'வயர்டு' இதழைப் புரட்டும்போது சைமனின் பேட்டியைப் படித்ததாகவும், அவர் சொல்வது அமெரிக்க வலதுசாரிப் பிரச்சாரம் என்று நிரூபிக்கவே முதலில் இறங்கியதாகவும் முன்னுரையில் சொல்கிறார். ஊர் திரும்பித் தம் மாணவர்களில் கெட்டிக்காரர்கள் சிலரைக் கூட்டிச் சைமனின் எண்களைச் சரிபார்த்தபோது, எதிர்பார்த்ததற்கு மாறாகப் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன என்பது அவர் தரும் விவரம்.

1998-ன் தொடக்கத்தில் 'பொலிட்டிகன்' நாளிதழில் நான்கு கட்டுரைகள் எழுதினார். டேனிஷ் நாளிதழ்களில் 400-க்கும் மேற்பட்ட எதிர்வினைக் கட்டுரைகள் வந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் சைமன் காலமானார். கட்டுரைகள் விரிந்து 'உலகின் உண்மை நிலை' என்ற பொருள்படும் தலைப்பில் டேனிஷ் நூலாயின. வாஷிங்டனிலிருந்து வேர்ல்டுவாட்ச் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட 'உலகின் நிலை' அறிக்கைக்கு விட்ட சவால் அந்தத் தலைப்பு. மூன்றாண்டு கழித்து வந்த விரிவான ஆங்கிலப் பதிப்பு ஐந்நூறு பக்கங்களுக்கு மேல். அதில் 2,930 பின்குறிப்புகள் இருந்தன. நூலைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் இந்த எண்ணை மறக்காமல் சொன்னார்கள். குறிப்புகள் எத்தனை என்று எண்ணுவது எளிது. அவற்றைத் திருப்பிப் பார்ப்பதுதான் கடினம்.

நூல் சொல்வது

சூழலியல் அமைப்புகளும் ஊடகங்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் அபாயப் பட்டியலை லொம்போர்க் ஒருவகை ஒப்பாரிப் பாட்டாகப் பார்க்கிறார். காடு அழிகிறது, உணவு குறைகிறது, எண்ணெய் தீர்கிறது, உயிரினங்கள் மறைகின்றன என்ற ஒவ்வொரு அடியையும் எடுத்து, ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி போன்றவற்றின் நீண்டகால எண்களோடு ஒப்பிடுகிறார். குழந்தை இறப்பு குறைந்துள்ளது, ஆயுட்காலம் கூடியுள்ளது, வளரும் நாடுகளில் பசியோடிருப்போரின் விகிதம் இறங்கியுள்ளது, பணக்கார நாடுகளின் நகரக் காற்று தூய்மையாகியுள்ளது. இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் மறுக்கவில்லை. மறுக்கவும் இயலாது.

எதிராளியின் தவறைச் சரியாகப் பிடித்த இடங்களும் உண்டு. ஆண்டுக்கு 40,000 உயிரினங்கள் அழிகின்றன என்ற எண் இருபது ஆண்டுகளாக உலகைச் சுற்றிவந்தது. அதன் ஊற்று நார்மன் மயர்ஸ் 1979-ல் எழுதிய நூல். இருபத்தைந்து ஆண்டுகளில் பத்து லட்சம் இனங்கள் அழிவதாக வைத்துக்கொள்வோம் என்று மயர்ஸ் ஓர் அனுமானம் செய்தார், வகுத்தார், 40,000 வந்தது. அந்த அனுமானத்தை மறந்து, ஈவை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டனர். இதை வெளிக்கொண்டுவந்தது நூலின் நல்ல பக்கங்களில் ஒன்று.

அடுத்த அடியில் சறுக்கலும் உண்டு. உலகக் காட்டுப் பரப்பு 1950-ல் நிலப்பரப்பில் 30.04 விழுக்காடு, 1994-ல் 30.89 விழுக்காடு, ஆகவே காடு குறையவில்லை என்று நூல் காட்டுகிறது. அரை நூற்றாண்டுக் காலத்தில் 'காடு' என்ற சொல்லுக்கு நாடுகள் தந்த விளக்கமும், அளந்த முறையும், அறிக்கை அனுப்பிய நாடுகளின் எண்ணிக்கையும் பலமுறை மாறின. அப்படிப்பட்ட எண்களை ஒரே கோட்டில் இணைத்து, இரண்டு தசம இடம் வரை துல்லியம் காட்டுவது புள்ளியியல் ஆசிரியர் செய்யக்கூடாத செயல். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு தன் 2000-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், 1990-களில் ஆண்டுக்கு நிகரமாக 94 லட்சம் ஹெக்டேர் காடு குறைந்ததாகக் கூறியது. புதிதாக நட்ட தோட்டக் காடுகளையும் கூட்டிய பிறகே இந்தக் கணக்கு. இயற்கைக் காட்டின் இழப்பு இதைவிட அதிகம்.

காலநிலை அதிகாரம்

நூலின் மிக நீண்ட அதிகாரம் இது. வாதத்தின் படிகள் இவை: வெப்பமாதல் உண்மை. ஆனால் அதன் அளவு பெரும்பாலும் மதிப்பீடுகளின் கீழ்ப்பகுதியில்தான் அமையும். கியோட்டோ நெறிமுறையை எல்லா நாடுகளும் நிறைவேற்றினாலும், 2094-ல் எட்டவிருந்த வெப்பநிலையை 2100-ல் எட்டுவோம், ஆறு ஆண்டுகள் தள்ளிப்போகும், அவ்வளவே. அதற்கு ஆகும் செலவோ ஆண்டுக்கு 15,000 கோடி முதல் 35,000 கோடி டாலர் வரை. அமெரிக்கா மட்டும் கியோட்டோவுக்குச் செலவிட வேண்டிய ஓராண்டுத் தொகையைக் கொண்டு உலகில் எல்லோருக்கும் குடிநீரும் கழிப்பிடமும் தந்துவிடலாம். அதனால் ஆண்டுக்கு 20 லட்சம் உயிர்கள் பிழைக்கும்.

கடைசி வாக்கியமே நூலை உலகெங்கும் கொண்டுசென்றது. ஏழை நாட்டு வாசகர் யாரும் அதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. குடத்தோடு குழாயடியில் நிற்கும் பெண்ணுக்கு 2100-ஆம் ஆண்டின் வெப்பநிலையைவிட நாளைய தண்ணீர்தான் பெரிது.

ஆனால் இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, சுருக்கமாக ஐபிசிசி, 2001-ல் தந்த மதிப்பீடு 1990-க்கும் 2100-க்கும் இடையில் 1.4 முதல் 5.8 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் உயரலாம் என்பது. லொம்போர்க் கீழ்ப்பகுதியைத் தம் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். மேல்முனை நடக்க வாய்ப்பு குறைவாக இருக்கலாம். ஆயினும் வீட்டுக்குக் காப்பீடு எடுப்பவர் தீ விபத்து நடக்காது என்ற கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, ஆறு ஆண்டுக் கணக்கு. கியோட்டோ நெறிமுறை 2008 முதல் 2012 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மட்டுமானது. வளர்ந்த நாடுகள் 1990-ஆம் ஆண்டு அளவிலிருந்து சராசரியாக 5.2 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதற்குப் பின் மேலும் கடுமையான ஒப்பந்தங்கள் வரும் என்ற எதிர்பார்ப்போடு வைத்த முதல் படி அது. அந்த முதல் படியோடு உலகம் நூறாண்டு நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால்தான் ஆறு ஆண்டு என்ற விடை வரும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அந்த வகுப்புப் பாடம் மட்டும் வேலை வாங்கித் தராது என்று சொல்லிப் பள்ளிக்கே அனுப்பாமல் விடுவதற்கு ஒப்பானது இந்த வாதம்.

மூன்றாவது, குடிநீர். கியோட்டோவுக்குச் செலவிடாத பணம் குடிநீருக்குப் போகும் என்று எந்த அரசும் சொல்லவில்லை. நூல் வெளியான 2001-லேயே, மார்ச் மாதம், அமெரிக்கா கியோட்டோவை விட்டு விலகியது. அந்தப் பணத்தில் ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ குழாய் போடும் திட்டம் எதையும் அது கூடவே அறிவிக்கவில்லை.

இதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2002-ல் எட்டாவது காலநிலை மாநாடு புது டெல்லியில் நடந்தது. வளரும் நாடுகளுக்கு வறுமை ஒழிப்பும் வளர்ச்சியும் மாற்றத்துக்கேற்பத் தகவமைத்துக்கொள்வதும்தான் முதன்மை என்று இந்தியா அங்கே வலியுறுத்தியது. கேட்பதற்கு லொம்போர்க்கின் குரல் போலவே இருக்கும். உண்மையில் இரண்டும் எதிர்த்திசையில் செல்பவை. ஏழைகள் வளர வேண்டும், ஆகவே இதுவரை புகை கக்கிய பணக்கார நாடுகள் முதலில் குறைக்க வேண்டும் என்பது இந்தியாவின் வாதம். ஏழைகள் வளர வேண்டும், ஆகவே பணக்கார நாடுகள் குறைப்பதற்குச் செலவிடுவது வீண் என்பது லொம்போர்க்கின் வாதம்.

கூட்டு வட்டிக் கணக்கு

எதிர்காலச் சேதத்தை இன்றைய பணத்தில் மதிப்பிட லொம்போர்க் நம்பியது யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹவுஸ் உருவாக்கிய மாதிரியை. நார்ட்ஹவுஸ் 2018-ல் நோபல் பரிசு பெற்றவர், சாதாரண ஆள் அல்லர். இத்தகைய மாதிரிகளின் உயிர்நாடி, எதிர்காலப் பணத்தை எந்த வீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது என்பது. இது பள்ளியில் படித்த கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்ட கணக்குதான். நூறு ஆண்டு கழித்து நேரப்போகும் 100 ரூபாய் இழப்பு, ஆண்டுக்கு 5 விழுக்காடு கழித்தால் இன்று வெறும் 76 காசு. 1.4 விழுக்காடு கழித்தால் சுமார் 25 ரூபாய்.

இந்த 1.4 விழுக்காடு பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் பிரிட்டன் அரசுக்காக 2006-ல் தயாரித்த அறிக்கையில் ஏறத்தாழக் கையாண்ட வீதம். அவ்வறிக்கை லொம்போர்க்குக்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது: தடுக்க ஆகும் செலவு உலக உற்பத்தியில் சுமார் 1 விழுக்காடு, தடுக்காவிட்டால் இழப்பு 5 முதல் 20 விழுக்காடு. இருவரிடமும் இருந்த வானிலை அறிவியல் ஒன்றே. நம் கொள்ளுப்பேரன் படப்போகும் துன்பத்தை இன்று எவ்வளவாக எண்ணுகிறோம் என்பதில்தான் பெரும் வேறுபாடு. அது அறம் சார்ந்த கேள்வி. 'எண்கள் பேசட்டும்' என்று தொடங்கிய நூல் அந்த இடத்தில் தன் அறத்தை எண்ணாக உடுத்திக்கொண்டது என்பதே அதன் மீது வைக்கத்தக்க கனமான குறை.

வரவேற்பும் தாக்குதலும்

லண்டனின் 'எகானமிஸ்ட்' வார இதழ் நூலைத் தூக்கிப் பிடித்தது. 2001 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு நகரப் புத்தகக் கடையில் லொம்போர்க் பேச வந்தபோது மார்க் லைனாஸ் என்ற இளம் சூழலியல் எழுத்தாளர் அவர் முகத்தில் கிரீம் பண்டத்தை அப்பினார். இந்த லைனாஸ் 2013-ல் அதே ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த விவசாய மாநாட்டில், மரபணு மாற்றுப் பயிர்களைத் தாம் எதிர்த்தது தவறு என்று மேடையில் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலநிலை விஷயத்தில் அவர் மாறவில்லை.

'நேச்சர்' இதழில் ஸ்டூவர்ட் பிம், ஜெஃப் ஹார்வி என்ற இரு உயிரியலாளர்கள் எழுதிய மதிப்புரை கடுமையானது. நூலின் வாதமுறையை நாஜிகளின் யூதப் படுகொலையை மறுப்போரின் உத்தியோடு அது ஒப்பிட்டது. 2004-ல் ஐபிசிசி தலைவராக இருந்த இந்தியர் ராஜேந்திர பச்சௌரியும் டேனிஷ் நாளிதழ்ப் பேட்டி ஒன்றில், லொம்போர்க் மனிதர்களைப் பார்க்கும் பார்வைக்கும் ஹிட்லரின் பார்வைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். பின்குறிப்புகளைத் திறந்து காட்டியிருந்தால் போதும். இந்த வசைகள் லொம்போர்க்குக்கு உதவியாகவே முடிந்தன.

பின்குறிப்புகளைத் திறக்கும் பணியை ஓரளவு செய்தது 'சயின்டிஃபிக் அமெரிக்கன்'. 2002 ஜனவரி இதழில் நான்கு வல்லுநர்கள் பதினொரு பக்கங்களில் மறுப்பு எழுதினர்: காலநிலைக்கு ஸ்டீபன் ஷ்னைடர், மக்கள்தொகைக்கு ஜான் பொங்கார்ட்ஸ், உயிரினப் பன்மைக்குத் தாமஸ் லவ்ஜாய், எரிசக்திக்கு முன்பு பந்தயத்தில் தோற்ற அணியில் இருந்த ஜான் ஹோல்ட்ரன். ஹோல்ட்ரனின் மறுப்பு நறுக்கென்று இருந்தது. எரிபொருள் தீர்ந்துவிடாது என்று லொம்போர்க் பல பக்கங்களில் நிறுவுகிறார், ஆனால் அது தீர்ந்துவிடும் என்று விவரம் அறிந்த சூழலியலாளர் எவரும் இப்போது சொல்வதில்லை. அதை எரிப்பதால் வரும் கேடுதான் கவலை. இல்லாத எதிரியை வீழ்த்துவது எளிது என்பது இதன் சாரம்.

இதழ் நடந்துகொண்ட விதம் அத்தனை அழகாக இல்லை. லொம்போர்க் அக்கட்டுரைகளைப் பத்தி பத்தியாக மேற்கோள் காட்டித் தம் இணையதளத்தில் பதில் எழுதியபோது, பதிப்புரிமையைக் காட்டி எச்சரித்தது. பிறகு மே மாத இதழில் ஒரு பக்கம் பதில் எழுத இடம் தந்தது.

விசாரணை

டென்மார்க்கில் அறிவியல் நேர்மையின்மை குறித்த குழுக்கள் என்ற அரசு அமைப்பு 1992-ல் உருவானது. மருத்துவ ஆராய்ச்சியில் நடக்கும் தில்லுமுல்லுகளை விசாரிக்கத் தொடங்கிப் பின்னர் பிற துறைகளுக்கும் விரிவானது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமை வகிப்பார். 2002-ல் இந்நூல் மீது அங்கே மூன்று புகார்கள் சென்றன. ஒன்று உயிரியலாளர் கோரெ ஃபோக் கொடுத்தது. இன்னொன்றில் கையெழுத்திட்ட இருவரில் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் ஒருவர். நவீனக் காற்றாலையை வடிவமைத்த முன்னோடிகளுள் அவரும் உண்டு. வெஸ்டாஸ் நிறுவனம் காற்றாலைத் தொழிலில் இறங்கியது அவர் தந்த வடிவமைப்பைக் கொண்டுதான். மூன்றாவது, 'நேச்சர்' மதிப்புரை எழுதிய பிம்மும் ஹார்வியும் கொடுத்தது.

2003 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அது விசித்திரமான தீர்ப்பு. புறநிலையாகப் பார்த்தால் நூல் அறிவியல் நேர்மையின்மை என்ற வரையறைக்குள் வருகிறது. ஆனால் ஆசிரியர் வேண்டுமென்றோ மிகுந்த அலட்சியத்தாலோ செய்தார் என்று நிறுவ முடியாததால் அவர் நேர்மையற்றவர் எனச் சொல்வதற்கில்லை. எனினும் நூல் நல்ல அறிவியல் நடைமுறைக்குத் தெளிவாக மாறானது. மறுநாள் செய்தித்தாள்கள் முதல் பகுதியை மட்டும் தலைப்பாக்கின.

இதை எதிர்த்து, பெரும்பாலும் சமூக அறிவியல் துறையினரான சுமார் 300 டேனிஷ் கல்வியாளர்கள் கையெழுத்திட்டனர். குழுவை ஆதரித்து, மருத்துவ, இயற்கை அறிவியல் துறையினர் 600-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். துறைவாரியாகப் பிரிந்து நின்ற இந்த இரு பட்டியல்களும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. ஆய்வகத்தில் எலியை எண்ணாமல் எண்ணியதாக எழுதினால் அது மோசடி. கிடைக்கும் எண்களில் தம் வாதத்துக்கு உகந்ததைத் தேர்ந்தெடுப்பது, குறிப்பாகக் கொள்கை விவாதம் செய்யும் நூலில், மோசடியா அல்லது மோசமான வாதமா? முதலாவதற்காக அமைத்த குழு இரண்டாவதை எடைபோட முயன்றது.

2003 டிசம்பரில் டென்மார்க்கின் அறிவியல் அமைச்சகம் தீர்ப்பைக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. எந்த இடத்தில் எது நேர்மையற்றது என்று குழு ஆவணப்படுத்தவில்லை, சமூக அறிவியலில் நல்ல நடைமுறை எது என்று வரையறுக்காமலே மீறியதாகச் சொல்லிவிட்டது என்பவை அமைச்சகம் கண்ட குறைகளில் சில. குழு தானாக நூலைச் சரிபார்க்காமல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' கட்டுரைகளையே பெரிதும் சார்ந்திருந்தது அனைவருக்கும் தெரிந்ததே. 2004 மார்ச்சில், மீண்டும் விசாரித்தாலும் அதே முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கும் என்று கூறி, குழு வழக்கை முடித்துக்கொண்டது. தம்மை விடுவித்துவிட்டார்கள் என்று லொம்போர்க் தரப்பு சொன்னது. நடைமுறைப் பிழைக்காகவே தீர்ப்பு விழுந்தது என்று புகார்தாரர்கள் சொன்னார்கள். இரண்டுமே சொல்லத்தக்கவையே. நூலில் இருப்பது சரியா தவறா என்ற கேள்விக்கு மட்டும் இரண்டாண்டு விசாரணையில் பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பதிலைத் தேடியவர்கள் தனிநபர்கள். ஃபோக் தாம் கண்ட பிழைகளையும் திரிபுகளையும் பக்க எண்ணோடு இணையத்தில் பட்டியலிட்டார். அமெரிக்க எழுத்தாளர் ஹோவர்டு ஃபிரீல் 2010-ல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியே வெளியிட்ட நூல் முழுவதும், லொம்போர்க்கின் மேற்கோள்கள் அவை சுட்டும் மூலங்களோடு பொருந்துகின்றனவா என்ற சோதனைதான்.

பிந்தைய ஆண்டுகள்

2001 நவம்பரில் டென்மார்க்கில் ஆட்சி மாறியது. புதிய வலதுசாரி அரசு சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றை உருவாக்கி லொம்போர்க்கை இயக்குநராக்கியது. 2004-ல் 'கோபன்ஹேகன் ஒருமித்த கருத்து' என்ற பெயரில் அவர் எட்டுப் பொருளியலாளர்களைக் கூட்டினார். ஜக்தீஷ் பகவதியும் அவர்களில் ஒருவர். கைவசம் 5,000 கோடி டாலர் இருந்தால் உலக நன்மைக்கு எதில் முதலில் செலவிடலாம் என்பது கேள்வி. எய்ட்ஸ் தடுப்பு முதலிடம் பெற்றது. ஊட்டச்சத்துக் குறைபாடு இரண்டாவது. தரவரிசையில் வந்த பதினேழில் காலநிலைத் திட்டங்கள் மூன்றும் கடைசி மூன்று இடங்களைப் பிடித்தன. யாரைக் கூட்டுகிறோம், எந்தத் திட்டத்தைப் பட்டியலில் வைக்கிறோம் என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடும் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். 2012-ல் வேறு அரசு வந்து நிதியை நிறுத்தியது. 2015-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அரசு நிதியில் அவருக்கு மையம் அமைக்க ஒப்புக்கொண்டு, ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால் சில வாரங்களிலேயே பின்வாங்கியது.

2001-ல் காற்றில் பத்து லட்சத்தில் 371 பங்காக இருந்த கரியமில வாயு 2024-ல் சுமார் 424 பங்காகியது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் வெப்பம் பதிவான முதல் ஆண்டும் 2024-தான். கடல்மட்டம் இந்நூற்றாண்டில் ஏறத்தாழ ஓர் அடி மட்டுமே உயரும் என்று லொம்போர்க் 2007-ல் எழுதினார். 2021-ல் ஐபிசிசி தந்த மதிப்பீடு, வாயு வெளியேற்றத்தைப் பொறுத்து, 28 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. அவர் சொன்ன ஓர் அடி இந்த வரிசையின் தொடக்கத்தோடு ஒட்டி நிற்கிறது.

ஒன்றில் அவர் ஊகம் பலித்தது, அதுவும் அவர் எண்ணியதைவிட விரைவாக. சூரிய ஆற்றல் மலிவாகும், இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புதைபடிவ எரிபொருளோடு போட்டியிடும் என்று நூலில் எழுதியிருந்தார். 2010-க்கும் 2019-க்கும் இடையில் மட்டும் சூரிய மின்சாரத்தின் செலவு 85 விழுக்காடு இறங்கியது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் போதும், விலை தானே இறங்கும் என்பது அவர் வாதம். விலை இறங்கியதில் ஜெர்மனி போன்ற நாடுகள் அளித்த மானியத்துக்கும் சீனத் தொழிற்சாலைகளின் பெருக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த வகை மானியங்களை வீண் செலவு என்று லொம்போர்க் தொடர்ந்து எழுதிவந்தார்.

2017-ல் டென்மார்க் தன் சட்டத்தை மாற்றியது. பழைய குழுக்களுக்குப் பதிலாக ஒரே வாரியம் வந்தது. அது விசாரிக்கக்கூடிய குற்றங்கள் தரவைப் புனைதல், தரவைத் திரித்தல், பிறர் படைப்பைத் திருடுதல் என்ற மூன்றாகச் சுருக்கப்பட்டன. 'நல்ல அறிவியல் நடைமுறைக்கு மாறானது' என்ற வகைப் புகார்களை அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விடப்பட்டது.